எல்லா நோய்க்கும் வேப்பெண்ணெயா?

வடசென்னையில் கொடுங்கையூரிலோ வியாசர்பாடியிலோ மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் "செடிக்கு நோய் வந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். "வேப்பெண்ணெய் தெளியுங்கள்" என்பார்கள். என்ன நோய், எந்தச் செடி என்று கேட்பவர் அரிது. மூலிகைக் கரைசல்களை முழுமனதாக நம்புகிறவன் என்பதால்தான் எனக்கு இது பொறுக்கவில்லை. பொருந்தாத நோய்க்குத் தெளித்துவிட்டு, பலனில்லை என்றதும் பூச்சிமருந்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். பழி வேம்பின் மேல் விழுகிறது.

வெண்டை இலையில் நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. எந்தச் சாறும் அந்தச் செடியைக் குணப்படுத்தாது. அதைப் பிடுங்கிவிட்டு, மற்றச் செடிகளில் ஈ அண்டாமல் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்க வேண்டும். அதே இலையில் மாவு தூவியதுபோல் வெண்மை படர்ந்தால் சாம்பல் நோய், அதாவது பூஞ்சணம். அதற்கு வேப்பெண்ணெய் கேட்கும், தொடக்கத்திலேயே தெளித்தால்.

வேம்பு பூஞ்சணத்தை அடக்குவதற்குத்தான் அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இது இந்திய உழவர்கள் காலங்காலமாக அறிந்தது என்று சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். 2000இல் காப்புரிமை ரத்தானது; 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அப்படிப் போராடிக் காத்த அறிவை நாம் அளவு பாராமல் கலக்கி ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

அளவு சிக்கலானதும் அல்ல. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழியுங்கள். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வேம்பில் பூச்சியை விரட்டும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். நம் ஊர் உச்சிவெயிலில் மொட்டைமாடியில் தெளிப்பது வீண்.

மணலி, எண்ணூர் பக்கம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை நாம் திட்டாத நாளில்லை. அதன் இலைப்பொடியை எக்டேருக்கு 25 கிலோ வீதம் ஊறவைத்து வடித்துத் தெளித்தால் நெல்லின் இலையுறை அழுகல் நோய் கட்டுப்படும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கதிர் பொதியும் பருவத்தில் ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை. நிலக்கடலையின் மொட்டுக் கருகலுக்குச் சோள இலை அல்லது தென்னை ஓலைச் சாறு, 10 சதவீதம், விதைத்த 10ஆம் நாளும் 20ஆம் நாளும். எந்த நோய், எந்தப் பருவம், எவ்வளவு என்பது எத்தனை தெளிவாக இருக்கிறது பாருங்கள். இந்தத் தெளிவு மாடித்தோட்டத்துக்கும் வர வேண்டும் என்பதே என் ஆசை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகையிலைக் கரைசலைக் கீரைத் தொட்டியில் தெளிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். நிகோடின் கடும் நஞ்சு; தோல் வழியாகவே உடலுக்குள் போகும். குழந்தைகள் விளையாடும் மாடியில் அதற்கு இடமே கூடாது.

உங்கள் செடிக்கு நோய் என்றால் இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் படமெடுத்துக் கீழே போடுங்கள். நோய் இன்னதென்று முதலில் பார்த்துவிடுவோம், மருந்தை அப்புறம் பேசலாம்.