ஜேக் கார்டினரை ஓர் இரவில் வைத்து அளக்காதீர்கள்

ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீவ்ஸின் ரசிகர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில், அந்த அணியின் பழைய பின்கள வீரர் ஜேக் கார்டினரின் பெயரை எடுத்தால் இன்றைக்கும் ஒரே கதைதான்: 2018 ஏப்ரல் 25, பொஸ்ரன், கிண்ணத்துக்கான பிளே-ஓஃப் சுற்றில் தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். மூன்று பீரியடில் இரண்டாவது முடிய 4-3 என்று முன்னுக்கு நின்ற ரொறன்ரோ கடைசியில் 7-4 என்று தோற்றது. கார்டினரை வேகத்தில் தாண்டிப் போய்த்தான் ஜேக் டெப்ரஸ்க் பொஸ்ரனுக்கு ஐந்தாவது கோலை அடித்தார். அன்று கார்டினரின் பிளஸ்-மைனஸ், மைனஸ் ஐந்து. ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்களுக்கு முன்னால் நின்று பழியை அவரே தன் தலையில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 2019 ஜனவரியில் கொலராடோவுடன் நடந்த ஆட்டத்தில், சொந்த அரங்கிலேயே, அவரிடம் பக் (ஆடும் ரப்பர் வட்டு) வரும்போதெல்லாம் சனம் ஏளனமாக 'பூ' என்று கத்தியது.

அது எனக்கு அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை. ஒரு பின்கள வீரரை எப்படி எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்த நகரத்தில் கிடையாது.

முதலில் அந்தப் பிளஸ்-மைனஸை எடுப்போம். நீங்கள் களத்தில் நிற்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் கூட்டு, வாங்கினால் கழி. எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் பிளேயில் போடும் கோல்கள் கணக்கில் வராது, ஆனால் கோலியை (வலை காப்பவரை) வெளியே எடுத்துவிட்ட பிறகு காலி வலையில் விழும் கோல் வரும். உங்கள் கோலி அன்று தூங்கினாலும் உங்களுக்குத்தான் மைனஸ். ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து விழுவது ஐந்தாறு கோல். அந்த ஐந்தாறை வைத்து, இருபது நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்ற ஒருவரின் வேலையை அளப்பது எப்படிச் சரியாகும்?

ஷொட் முயற்சிகளோ இரண்டு அணிக்கும் சேர்த்து நூறைத் தாண்டும். வலைக்கு நேரே போனது, வெளியே போனது, நடுவில் ஒருவர் உடம்பில் பட்டு நின்றது, எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவதுதான் கோர்சி. பஃபலோ சேபர்ஸின் கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஜிம் கோர்சியின் பெயர் அது. பக் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஷொட் அடிக்க முடியும். ஆகவே கோலிகளைத் தவிர இரு பக்கமும் ஐந்து பேர் நிற்கும் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில், ஒருவர் நிற்கும்போது அடிக்கப்படும் முயற்சிகளில் பாதிக்கு மேல் அவருடைய அணியுடையது என்றால், பக் பெரும்பாலும் எதிரணியின் பக்கத்தில்தான் நிற்கிறது. 2015 பெப்ரவரியில் இந்த அணிகள் ஆடும் லீக்கான என்.எச்.எல். தானே இந்தக் கணக்கை வெளியிடத் தொடங்கியது. இங்கே பலருக்கு அதற்கு முதல் வருடமே பாடம் கிடைத்துவிட்டது. 2013-14 பருவம் முழுக்க எதிரணிகள் ஷொட்டுகளால் துளைத்தெடுக்க, கோலியின் தயவில் வென்றுகொண்டிருந்தது லீவ்ஸ். 'ஷொட் கணக்கில் என்ன இருக்கிறது, வெல்கிறோம்தானே' என்றார்கள். கடைசி 14 ஆட்டங்களில் 12 தோல்வி. பிளே-ஓஃப் போகவில்லை.

சரி, கார்டினருக்கு வருவோம். அவரின் கோர்சி லீவ்ஸ் பின்களத்தில் வருடக்கணக்காக மேல்வரிசையில் இருந்தது. ஏன் என்று தெரியவேண்டுமானால் பக்கை விட்டுவிட்டு அவரின் தோளைப் பார்க்கவேண்டும். எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிட்டு விரட்டிக்கொண்டு வருகிறது. பெரும்பாலான பின்கள வீரர்கள் அந்த நேரம் செய்வது, அரங்கைச் சுற்றியுள்ள கண்ணாடியில் ஓங்கி அடித்து வெளியே அனுப்புவது. பார்க்கப் பாதுகாப்பாக இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பக் போய்ச் சேர்வது எதிரணியிடம். அரை நிமிடத்தில் திரும்ப வரும். கார்டினர் அப்படிச் செய்யமாட்டார். பின்னால் வருபவரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார், இடது தோளைச் சாய்த்து ஏமாற்றி வலது பக்கம் திரும்புவார், நடுவில் நிற்கும் ஆளின் தடிக்கு நேராகப் பக் போகும். மூன்று வினாடி வேலை. ரீப்ளே காட்டமாட்டார்கள். இருபது தடவையில் ஒருமுறை பிசகினால், அந்த ஒன்றை இரவு முழுக்கக் காட்டுவார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்கும் இதே கதிதான்.

ஹொக்கிப் புள்ளிவிவர ஆய்வாளர் எரிக் டல்ஸ்கியும் கூட்டாளிகளும் ஒவ்வொரு ஆட்டமாக உட்கார்ந்து எண்ணிய ஒரு ஆய்வு இருக்கிறது. பக்கைக் கட்டுப்பாட்டோடு, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் கிடைக்கும் ஷொட்டுகள், அடித்துவிட்டு விரட்டும்போது கிடைப்பதைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தக் கட்டுப்பாடு தொடங்குவது பின்னால், கார்டினர் போன்ற ஒருவரின் முதல் பாஸில்.

மறுபக்கம் பாருங்கள். ஷொட்டுக்குக் குறுக்கே விழுந்து உடம்பால் தடுப்பவர்களை நாம் வீரர்களாகக் கொண்டாடுகிறோம். எட்மன்டனில் விளையாடிய கிறிஸ் ரஸல் அப்படிப்பட்டவர். அந்தத் துணிச்சலுக்கு எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஒருவர் இத்தனை ஷொட்டுகளைத் தடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அவர் நிற்கும் நேரத்தில் பக் எதிரணியிடம் இருக்கிறது என்றுதானே பொருள்?

கோர்சியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. தன் பக்கத்து ஃபேஸ்-ஓஃபுக்கே (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) திரும்பத் திரும்ப இறக்கப்படுபவரின் எண் குறையும். முன்னுக்கு நிற்கும் அணி பின்வாங்கி ஆடும், அதையும் சரிசெய்ய வேண்டும். 2017-18இல் கார்டினரின் ஜோடி பெரும்பாலும் நிகிட்டா சைட்செவ். பின்கள வீரர்கள் ஜோடியாகவே இறங்குவதால், சேர்ந்தும் பிரித்தும் பார்க்காமல் இருவரில் யாருக்குப் பாராட்டு என்று சொல்ல ஏலாது. முக்கியமாக, எல்லா ஷொட்டும் ஒன்றல்ல. வலைக்கு முன்னால் பக்கை இழப்பதும் நீலக்கோட்டில் இழப்பதும் கோர்சிக்கு ஒரே ஷொட்டாகத் தெரியலாம்.

கார்டினரைப் பிடிக்காதவர்களின் வலுவான வாதமும் அதுதான். 2019இல் லீவ்ஸ் அவரைப் போகவிட்டது. கரோலினா அணி நாலு வருடத்துக்கு 16.2 மில்லியன் டொலர் கொடுத்து எடுத்தது. டல்ஸ்கி அப்போது அங்கேதான் வேலை செய்தார், இப்போது அதே அணியின் பொது மேலாளர். முதல் பருவத்தில் கார்டினருக்கு மைனஸ் 24. 'பார்த்தீர்களா?' என்றார்கள். பார்த்தேன். அவர் நின்ற நேரத்திலும் ஷொட் கணக்கு கரோலினாவின் பக்கம்தான் இருந்தது. கோலி எத்தனை சதவீதம் பிடிக்கிறார் என்பதில் பின்கள வீரரின் கை மிகக் குறைவு, அது வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஏறி இறங்கும். அடுத்த பருவங்களில் அது திரும்பியதா என்று பார்க்க வழியில்லாமல் இடுப்பும் முதுகும் அவரைக் கைவிட்டுவிட்டன. 2021இல் அறுவைச் சிகிச்சை.

என் மகள் இங்கே சிறுவர் லீக்கில் டிஃபென்ஸ் விளையாடுகிறாள். அரங்கில் பெற்றோர் கத்துவது ஒன்றே ஒன்று: 'கண்ணாடியில் அடி!' பக்கை வைத்துக்கொண்டு தலை நிமிர்த்திப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் ஏச்சு விழுகிறது. ஒரு தடவை பறிகொடுத்தால் அடுத்த ஷிஃப்டில் பெஞ்ச். ஒன்பது பத்து வயதில் இப்படிப் பயமுறுத்தினால் எந்தப் பிள்ளை பக்கை வைத்துக்கொள்ளும்?

அந்த மைனஸ் ஐந்தை எனக்கு ஞாபகப்படுத்த வருபவர்களிடம் கேட்கிறேன். அதே பருவத்தில் கார்டினர் 82 ஆட்டமும் ஆடினார், கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸுமாக 52 புள்ளி எடுத்தார். அந்த 82 ஆட்டத்திலும் அவர் நின்றபோது பக் எந்தப் பக்கம் இருந்தது? அந்தக் கணக்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கதைப்போம்.