38-வது வாரம்: ஏழு மணின்னா ஏழு மணிதான்யா!

ஃபேன்டஸி பிரீமியர் லீக், அதான் இங்கிலாந்து ஃபுட்பால் ஆளுங்களை வச்சு போன்ல டீம் கட்டி, அவங்க நெசமா ஆடறதுக்கு நாம பாயின்ட் எண்ற ஆட்டம், அதுல ஒவ்வொரு மே மாசமும் இதே கூத்து. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு 37 வாரம் ஒழுங்கா டீமை ஓட்டிக்கினு வர வேண்டியது. கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் லீக்ல இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல மண்டை கழண்டுக்கும். கேட்டா வெயிலாம். அக்னி நட்சத்திரம் பின்னேழுல வேலூர் கொதிக்கத்தான் செய்யும், யாரு இல்லேன்னது? ஃபேன்டஸி பிரீமியர் லீக்ல கடைசி வாரம் கவுந்ததுக்கும் வெயிலுக்கும் என்னய்யா சம்பந்தம்? ரூலைப் படிக்காம ஆடினா ஊட்டியில உக்காந்து ஆடினாலும் இதே கதிதான்.

மொதல்ல இந்த நேரப் பஞ்சாயத்து. கடைசி நாள் பத்து மேட்ச்சும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கும். 2024, 2025 ரெண்டு வருஷமும் இங்கிலாந்துல சாயங்காலம் 4 மணி, நமக்கு ராத்திரி 8:30. ட்ரான்ஸ்ஃபர் பண்ண, அதாவது ஒருத்தனை வித்து இன்னொருத்தனை வாங்க, டெட்லைன் அதுக்கு 90 நிமிஷம் முன்னாடி. அப்போ எத்தனை மணி? ஏழு! 37 வாரமும் இதே 90 நிமிஷம்தானே? சரியா 7:10-க்கு குரூப்ல ஒரு மெசேஜ் வரும் பாருங்க: "டேய், இன்னாடா ட்ரான்ஸ்ஃபரே போக மாட்டேங்குது?" எப்படிப் போகும்? கதவைச் சாத்தி பத்து நிமிஷம் ஆச்சு நைனா.

இதுல இன்னொரு கோஷ்டி, குளிர்காலக் கணக்குலயே வாழறவங்க. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க. அஞ்சரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆயிடும். சனிக்கிழமை டெட்லைன் ஜனவரியில நம்ம 4:30-ன்னா ஏப்ரல்ல 3:30. ஏப்ரல்லயே ஒருக்கா அடி வாங்கினவன், மே மாசமும் அதே கன்னத்தைக் காட்டினா யாரு என்ன பண்றது?

அந்த ஏழு மணி எங்க வந்து விழுது பாருங்க. வைகாசி முகூர்த்த சீசன். சத்துவாச்சாரி, காட்பாடி, எந்தப் பக்கம் போனாலும் ஏழு மணிக்கு ரிசப்ஷன். மேடை ஏறுற வரிசையில நின்னுகினு ஒரு கையில மொய்க் கவர், இன்னொரு கையில போன். அவசரத்துல கேப்டனை, அதான் பாயின்ட் டபுள் ஆகிற ஆளை, மாத்துவான். ‘சேவ்’ பட்டன் கீழ இருக்கும், அதை அழுத்தாமலே போனைப் பாக்கெட்டுல போட்டுட்டு போட்டோவுக்குச் சிரிப்பான். ட்ரான்ஸ்ஃபருக்குத் தனியா கன்ஃபர்ம், டீம் பக்கத்துல கேப்டன், பெஞ்ச் வரிசைக்குத் தனியா சேவ். ரெண்டும் வேற வேற. அழுத்தினப்புறம் பக்கத்தை ஒரு தடவை ரீலோட் பண்ணிப் பாத்தா அஞ்சு செகண்ட்ல தெரிஞ்சிடும். அதுக்குக் கூட நேரமில்லாதவன் அப்புறம் ‘ஆப் சரியில்லை’ன்னு திட்டறான். கடைசி கால் மணி நேரத்துல அந்த ஆப் திணறும்தான், ஒத்துக்கலாம். அதனாலதான் சொல்றது, மதியம் சோறு தின்ன கையோட முடிச்சுட்டு உக்காரு. கோடை மழைக் காத்தடிச்சா ஆறரைக்குக் கரண்ட் போகும், வைஃபையும் கூடவே போகும். நம்ம ஊர்ல இது தெரியாதவன் யாரு?

‘லைன்-அப் வரட்டும், எவன் எவன் களத்துல இறங்கறான்னு பாத்துட்டு மாத்தறேன்’னு ஒருத்தன் சொல்லுவான். அய்யா சாமி, லைன்-அப் வெளிய வர்றதே டெட்லைன் முடிஞ்ச அப்புறம்தான். அந்த 90 நிமிஷமே அதுக்குத்தான் வச்சிருக்கான். பாத்து என்ன செய்வே, தலையில கை வச்சுக்குவே.

அடுத்தது ஹிட். இதைப் பத்தி எழுதும்போதே ரத்தம் கொதிக்குது. ஃப்ரீ ட்ரான்ஸ்ஃபர் தாண்டி எடுக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் 4 பாயின்ட் போகும். மத்த வாரத்துல எடுத்தா அந்த ஆளு அடுத்த நாலஞ்சு வாரத்துல திருப்பிக் குடுப்பான்னு ஒரு நியாயம் இருக்கு. 38-க்கு அப்புறம் வாரம் ஏது? உள்ள வர்றவன், வெளிய போறவனை விட அந்த ஒரே மேட்ச்ல 5 எடுத்தாத்தான் உனக்கு 1 பாயின்ட் லாபம். லீடருக்கு 14 பாயின்ட் பின்னாடி இருக்கிறவன் பதறிப் போய் ரெண்டு ஹிட் எடுக்கறான். இப்ப 22 பின்னாடி. துரத்தறேன்னு கிளம்பினவன் எட்டடி பின்னாடி போய் நின்னுகினு ஓடறான்!

கணக்கைப் போட்டே காட்டலாம். நீ ஒரு மிட்ஃபீல்டரைக் கேப்டன் ஆக்கினே, அவன் ரெண்டு கோல் அடிச்சான்னே வை. கோலுக்கு 5 வீதம் 10, அறுபது நிமிஷம் தாண்டினதுக்கு 2, அந்த மேட்ச்லயே நல்லா ஆடினவனுக்குக் குடுக்கிற போனஸ் 3. மொத்தம் 15, கேப்டனுக்கு டபுள், 30. ஆஹா! இரு, குதிக்காதே. அதே ஆளு லீடர் டீம்லயும் சும்மா உக்காந்திருந்தா அவனுக்கும் 15 ஏறிச்சு. உனக்குக் கூடுதல் 15 மட்டும்தான். லீடரோட கேப்டன் 6 எடுத்தான், அவன் உன் டீம்லயும் இருக்கான்னா, அவனுக்குக் கூடுதல் 6. ஆக ஒரு கேப்டன் ரெண்டு கோல் அடிச்ச பொன்னான நாள்ல கூட உனக்கு நிகரம் 9. ஹிட் எடுக்காம இருந்திருந்தா மிச்சம் 5, ஒரே ஒரு வித்தியாசமான ஆளு போதும். எடுத்ததால மிச்சம் 13. இதைக் கூட்டிக் கழிக்க அஞ்சாங்கிளாஸ் கணக்குப் போதும்.

சரி, டிஃபரென்ஷியல் வேணும், லீடர்கிட்ட இல்லாத ஆளு வேணும், ஒத்துக்கறோம். ஆனா ஆளை எப்படிப் பிடிக்கறீங்க? "அந்த டீமுக்கு ஜெயிச்சே ஆகணும், எதிர் டீமுக்கு ஒண்ணும் இல்ல" என்கிற ஒரே மந்திரம். ஆளாளுக்கு 2022 மே 22-ஐ இழுத்துக்கினு வருவாங்க. ஆஸ்டன் வில்லா ரெண்டு கோல் முன்னாடி இருக்க, மான்செஸ்டர் சிட்டியோட குண்டோகன் மாற்று ஆளா இறங்கி 76-லயும் 81-லயும் போட்டார், 3-2, கப். அதே நாள் டாட்டன்ஹாமுக்கு முதல் நாலு இடம் வேணும், நார்விச் ஏற்கெனவே கீழ் டிவிஷனுக்கு இறங்கிப் போன டீம், 5-0, சோன் ரெண்டு கோல். உண்மைதான். அடுத்த வருஷம்? சவுத்தாம்ப்டன் இறங்கியே போயிடுச்சு, லிவர்பூல் டிஃபென்ஸை வாங்கிப் போடுன்னாங்க. 4-4. நாலு கோல் வாங்கின கோல்கீப்பருக்கும் டிஃபென்டருக்கும் ரெண்டு கோலுக்கு 1 வீதம் மைனஸ் 2. அதே நாள் சிட்டி லீக் பட்டத்தை முன்னாடியே ஜெயிச்சாச்சு, பெரிய தலைங்க பலருக்கு ஓய்வு, பிரென்ட்ஃபோர்டுகிட்ட 0-1.

2025 மே 25 இன்னும் விசேஷம். நாலு நாள் முன்னாடிதான் டாட்டன்ஹாம் யூரோப்பா கப் தூக்கினாங்க. சொந்த மைதானத்துல பிரைட்டன் கிட்ட 1-4. வில்லாவுக்கு சாம்பியன்ஸ் லீக் போகணும், அதனால உயிரைக் குடுப்பாங்கன்னு சொல்லி கோல்கீப்பர் மார்டினெஸ்ஸை வச்சவங்க எத்தனை பேரு! பாதி ஆட்டம் முடியறதுக்குள்ள ரெட் கார்டு. ரெட்டுக்கு மைனஸ் 3 மட்டும்னு நினைக்காதீங்க, வெளிய போன அப்புறம் டீம் வாங்கற கோலும் அவர் கணக்குலதான் கழியும். எதிர்ல ஆடின மான்செஸ்டர் யுனைட்டெட் அடிச்ச ரெண்டுமே அவர் போன பிறகுதான். ஜெயிச்சே ஆகணும்னு இருக்கிற டீமுக்கு உடம்பும் மனசும் பதட்டத்துல இருக்கும்னு ஏன் யாருக்கும் தோணறதில்ல? பெனால்டி எடுக்கிறவன் யாரு, போன நாலு மேட்ச்ல முழுசா 90 ஆடினவன் யாரு, அடுத்த வாரம் கப் ஃபைனல் எந்த டீமுக்கு இருக்கு, இந்த மூணைப் பாத்தாலே பாதிக் குப்பையைத் தள்ளிடலாம்.

கப் ஃபைனல் ஏன் முக்கியம்னா, ஓய்வு குடுக்கிற ஆளை முழுசா உக்கார வைக்க மாட்டாங்க. எண்பத்தஞ்சாவது நிமிஷம் கை தட்டு வாங்கறதுக்குன்னு இறக்குவாங்க. அந்த அஞ்சு நிமிஷம்தான் விஷம். கேப்டன் ஒரு நிமிஷம் கூட ஆடலைன்னாத்தான் வைஸ் கேப்டனுக்கு டபுள் போகும். ஒரே ஒரு நிமிஷம் களத்துல கால் வச்சாலும் முடிஞ்சுது, 1 பாயின்ட், டபுள் ஆகி 2. வைஸ் அங்க ஹாட்ரிக் போட்டாலும் சும்மா பாத்துகினு இருக்க வேண்டியதுதான். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு நம்ம ஊரைப் பத்திப் பெருசுங்க சொல்லுவாங்களே, அந்தப் பட்டியல்ல கேப்டன் இல்லாத டீமையும் சேத்துக்கலாம்.

பெஞ்ச்சும் அப்படித்தான். ஆடாதவன் இடத்துக்குப் பெஞ்ச் ஆளு வரிசைப்படி தானா உள்ள வருவான், அதுக்குப் பேரு ஆட்டோ சப். மூணு டிஃபென்டர் வச்சு ஆடறே, அதுல ஒருத்தன் இறங்கலை. பெஞ்ச்ல முதல் இடத்துல 12 பாயின்ட் அடிச்ச மிட்ஃபீல்டர் உக்காந்திருக்கான். வர மாட்டான்! டிஃபென்டர் குறைஞ்சது மூணு பேர் இருக்கணும், அதனால பெஞ்ச்ல எத்தனாவது இடத்துல இருந்தாலும் டிஃபென்டர்தான் உள்ள வருவான். பெஞ்ச்ல இருக்கிற ரெண்டு டிஃபென்டரும் ஆடலைன்னா அந்த இடம் காலி. இறங்குவானா மாட்டானான்னு சந்தேகப்படற ஆளு டிஃபென்டர்னா, நாலு பேர் வச்சு ஆடு. எத்தனை வருஷம்யா இதையே சொல்றது?

விலையைப் பத்தி ஒரே வரி. கேம் பணத்துல 8.0-க்கு வாங்கி இப்ப 8.3 ஆன ஆளை வித்தா 8.1-தான் வரும், லாபத்துல பாதி, அதுவும் கீழ இறக்கி. "பணத்தைக் காணோம்"னு கடைசி நாள் கத்தாதீங்க.

இதெல்லாம் ஆடறவனோட முட்டாள்தனம், அவனே அனுபவிச்சுக்கட்டும். ஆனா பாதியில ஓடிப்போனவன் இருக்கானே! செப்டம்பர்ல ரொம்ப வேகம், அக்டோபர்ல அடிபட்ட நாலு பேரை அப்படியே விட்டுட்டுக் காணாமப் போயிடுவான். சாதா லீக்னா அடியில கிடந்து தொலையட்டும். வாரா வாரம் ரெண்டு ரெண்டு பேரா மோதற ஹெட் டு ஹெட் லீக்ல அவன் கெடுக்கறது எல்லாரையும். கடைசி வாரம் முதலிடத்துக்கு ரெண்டு பேர் மோதறாங்க. ஒருத்தனுக்கு லீக்லயே நல்லா ஆடற ஆளு எதிரி. இன்னொருத்தனுக்கு இந்தச் செத்த டீம், ஆறு பேரோட ஆடுது. மூணு பாயின்ட் தட்டுல வச்சுக் குடுத்த மாதிரி. இதுக்குப் பேரு போட்டியா? ஒத்தப்படை எண்ணிக்கையில ஆளைச் சேத்தா சராசரி ஸ்கோரை வச்சு ஒரு பொம்மை டீமை கேமே உள்ள விடும். அந்தப் பொம்மை கூட இவனை விட ஒழுங்கா ஆடும்.

ராத்திரி 9:45-க்கு இன்னொரு கொடுமை. மேட்ச்சே முடியலை, "ஆம்பூர் பிரியாணி ரெடி பண்ணுங்கடா"ன்னு ஸ்க்ரீன்ஷாட். சீரக சம்பாவா, எத்தனை பிளேட், கத்திரிக்காய் தொக்கு தனியா வேணுமான்னு ஆர்டரே எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. போனஸ் இன்னும் தற்காலிகம். 3, 2, 1 கடைசி விசில் வரைக்கும் கை மாறும். ஆட்டோ சப் எல்லா மேட்ச்சும் முடிஞ்ச பிறகுதான் ஓடும். அசிஸ்ட் கூட திருத்துவாங்க. அதெல்லாம் ஏறினா 5 பாயின்ட் வித்தியாசம் தலைகீழாப் புரளும். அதுக்குள்ள முதலிடத்துல இருந்தவன் மூணாவது ஆயிட்டா, வைங்கடா சண்டையை.

சமமா முடிஞ்சா கேக்கவே வேணாம். "கோல் அடிச்ச கணக்கு பாக்கலாம்", "கேப்டன் பாயின்ட் பாக்கலாம்"னு ஆளாளுக்கு நாட்டாமை. ரூல்லயே எழுதி இருக்குய்யா: சீசன் முழுக்க யாரு கம்மி ட்ரான்ஸ்ஃபர் பண்ணானோ அவன் மேல. வைல்ட்கார்ட், ஃப்ரீ ஹிட்னு பாயின்ட் கழியாம எத்தனை ஆளை வேணா மாத்த விடற சிப்புங்க இருக்கே, அதுல மாத்தினது அந்தக் கணக்குல வராது. கடைசி வாரம் "ஃப்ரீயாத்தானே இருக்கு"ன்னு மூணாவது பெஞ்ச் ஆளைச் சும்மா மாத்தினே பாரு, அந்த ஒரு ட்ரான்ஸ்ஃபர் உன் பிரியாணியைத் தின்னுட்டுப் போகும்.

லீடரா இருக்கிறவன் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம், அதையும் செய்யறதில்ல. ரெண்டாவது இடத்துக்காரனோட போன வாரத்து டீமைத் திற. எந்த சிப் மிச்சம்னு அவன் ஹிஸ்டரியில தெரியும். ஃப்ரீ ஹிட் வச்சிருக்கானா, மொத்த டீமும் மாறலாம்னு எடுத்துக்கோ. இல்லையா, அவன் கேப்டன் யாரா இருக்கும்னு யோசிச்சு அதே ஆளுக்குப் பட்டையைக் கட்டு. புதுசா அவன் என்ன மாத்தினான்னு டெட்லைன் முடியற வரைக்கும் உனக்குத் தெரியாது, அதனால அதை நினைச்சுப் புழுங்காதே. ஆனா நம்ம லீடர் என்ன பண்ணுவாரு? 20 பாயின்ட் முன்னாடி இருந்துகினு, ‘ஸ்டைலா முடிக்கணும்’னு யாரும் வைக்காத ஆளைக் கேப்டன் ஆக்குவாரு. அந்த ஆளு 58-வது நிமிஷம் வெளிய போவான். அறுபது தொடலை, அதனால அந்த ரெண்டு பாயின்ட் கூட ஒண்ணாப் போச்சு.

எல்லாம் முடிஞ்சு பதினோரு மணிக்கு மேல ஒரு மெசேஜ் வரும்: "மச்சான், அடுத்த சீசன் லீக் கோட் அனுப்பு." யாருன்னு பாத்தா, அக்டோபர்ல டீமை விட்டுட்டு ஓடினவன்.