பறையை எங்கே காய்ச்சுவது?

போன மார்கழியில் ஒரு சபாவில் நாட்டுப்புற இசையும் சாஸ்திரீய இசையும் கலந்த வாத்தியக் கச்சேரி என்று விளம்பரம் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கினேன். வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், கீபோர்டு. கூடவே இரண்டு பறை, ஒரு உருமி. எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் எப்போதும் ஒரு நப்பாசை உண்டு. அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன்.

வண்டி நிறுத்தும் இடத்தில் சின்னத் தகராறு. பறைக்காரத் தம்பிகள் இருவர் பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சப் பார்த்திருக்கிறார்கள். செக்யூரிட்டிக்காரர் ஓடிவந்து, "இங்க நெருப்பு வைக்கக்கூடாதுப்பா, என் வேலைக்கே உலை வெச்சிடுவீங்க" என்று தடுத்துவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. ஆனால் பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. நம்ம ஊர் ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், ஏசி அரங்கில் கேட்கவே வேண்டாம். மிருதங்கக்காரர் சுத்தியலும் கல்லும் வைத்துச் சுருதி சேர்க்கிற மாதிரி இவர்களுக்கு நெருப்பு.

கடைசியில் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த இஸ்திரி வண்டிக்காரர் கைகொடுத்தார். பெட்டியைத் திறந்து கரியை விசிறிவிட்டார். தம்பி ஒருத்தர் பறையை அதற்கு மேலே காட்டி, திருப்பித் திருப்பி, விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் 'தொப் தொப்' என்று ஈரத்துணி மாதிரி இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, ஒரு கட்டத்தில் 'டங்' என்றது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். சரி, இன்றைக்கு ஒரு பிடி பிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வயலின் ஹம்சத்வனி ராகம் வாசித்தது. புல்லாங்குழல் பதில் சொன்னது. கீபோர்டு நடுநடுவே மேகம் மாதிரி படர்ந்தது. பறைக்காரர்கள் உள்ளே வந்தபோது 50 நிமிஷம் கடந்திருந்தது. பின்வரிசையில் நின்றபடி, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மைக். அதற்குள் இஸ்திரிப் பெட்டி கொடுத்த சூடெல்லாம் ஏசியில் இறங்கிப்போயிருந்தது. 6 நிமிஷம் அடித்தார்கள், கும்பிட்டார்கள், போய்விட்டார்கள். அன்றைக்கு விசில் கிடைத்தது அந்த 6 நிமிஷத்துக்கு மட்டும்தான்.

இதைக் கலவை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாம்பாரை இறக்கிய பிறகு மேலே கிள்ளிப்போடும் கொத்தமல்லி இது. வாசனைக்கு ஆச்சு, குழம்போடு கொதிக்கவில்லை.

நிஜமாகக் கலந்த கதைகள் நம்மிடமே இருக்கின்றன. கஞ்சிராவை எடுத்துக்கொள்ளுங்கள். பஜனையிலும் தெருவிலும் கிடந்த சின்னத் தோல்வாத்தியம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைச் செப்பனிட்டுக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று மிருதங்கத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாரும் 'ஃப்யூஷன்' என்பதில்லை. வயலின் மட்டும் என்ன, தஞ்சாவூரில் விளைந்ததா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இதே சென்னையில் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு நம் இசைக்குக் கொண்டுவந்த வாத்தியம். கடல் கடந்து வந்ததற்குப் பாய் விரித்துவிட்டோம். கூவத்துக்கு அந்தப்புறம் இருப்பதற்கு 6 நிமிஷம்.

ராகங்களும் அப்படித்தான். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி, குறிஞ்சி எல்லாம் நாட்டுப்புற மெட்டுகளிலிருந்து வந்தவை என்று இசை அறிஞர்களே சொல்கிறார்கள். கச்சேரி முடிகிற நேரத்தில், அவசரமாகச் செருப்பைத் தேடுகிறவர்களையும் தலையாட்ட வைக்கிற காவடிச்சிந்து யார் வீட்டுச் சொத்து? சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 26 வயது வரைதான் வாழ்ந்தார். காவடி எடுத்து நடக்கிறவனின் கால்தான் அவருக்குத் தாளம்.

கலவை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியது எங்கள் ராயப்பேட்டைச் சந்து. ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். நாதஸ்வரம், தவில், கூடவே பம்பை. வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாதஸ்வரக்காரர் புன்னாகவராளியை நிதானமாக ஆலாபனை செய்துகொண்டிருந்தார். (ராத்திரியில் வாசித்தால் பாம்பு வரும் என்று எங்கள் பாட்டி சொல்வாள். பட்டப்பகல் என்பதால் தைரியமாகக் கேட்டேன்.) திடீரென்று ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. பம்பைக்காரர் யாரையும் கேட்கவில்லை, நடையை மாற்றிவிட்டார். தவில் ஒரு நொடி சும்மா இருந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனது. நாதஸ்வரம் ராகத்தைக் கீழே வைக்கவே இல்லை. அதே புன்னாகவராளி, ஆனால் இப்போது அந்தப் பெண்ணின் மூச்சுக்கு ஏற்ற மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளாக வந்தது. ஒத்திகையும் இல்லை, நிகழ்ச்சித் தொகுப்பாளரும் இல்லை. தென்மாவட்டத்து நையாண்டி மேளத்தைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே ராகமும் தெம்மாங்கும் நாதஸ்வரத்தின் ஒரே சீவாளியிலிருந்துதான் வருகின்றன.

நான் சின்ன வயதில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டவன். தெருவில் சட்டி மேளம் போனால் என் வாத்தியார் ஜன்னலைச் சாத்துவார். "அதக் கேட்டா கை கெட்டுடும்டா" என்பார். அவர் போன பிறகுதான் ஒருநாள் உருமியை ஒழுங்காகக் கேட்டேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல், அவர் மாதக்கணக்கில் என் இடது கைக்குச் சொல்லிக்கொடுத்த கும்கிக்கு (மிருதங்கத்தின் இடது பக்கத்தில் வழுக்கி வரும் கனத்த நாதம்) அண்ணன் முறை! ஜன்னலைச் சாத்தாமல் இருந்திருந்தால் எனக்குக் கும்கி இரண்டு மாதம் முன்னாலேயே வந்திருக்கும்.

ஜன்னல் சாத்தப்பட்டதற்குக் காரணம் சங்கீதம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சாவு மேளம், அதை அடிக்கிறவர் இன்ன சாதி. அவ்வளவுதான். 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மனசு நிறைந்தது. சென்னையின் மீனவக் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே இடத்தில் ஒலித்திருக்கின்றன. அதெல்லாம் உண்மை. ஆனால் டிசம்பர் மாதத்துச் சபா மேடையில் பறை இன்னும் விருந்தாளிதான். அதுவும் பந்தி முடிந்தபின் வரும் விருந்தாளி.

"பறை சத்தம் ஜாஸ்தி, மூடிய அரங்குக்கு ஒத்துவராது" என்று நண்பர் ஒருவர் சொன்னார். தவிலும் சத்தம்தான். குன்னக்குடி வைத்தியநாதன் வயலினோடு வலயப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலைச் சரிசமமாக உட்கார வைத்து வாசிக்கவில்லையா? வித்தை காட்டுகிறார் என்று அன்றைக்கும் முணுமுணுத்தார்கள். ஆனால் அங்கே தவில் கடைசி 6 நிமிஷத்துக்கு வந்து போகவில்லை.

கலைஞர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த வயலின்காரர் அருமையாக வாசித்தார். அவருக்கும் பறைக்காரருக்கும் சேர்ந்து உட்கார எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதுதான் என் சந்தேகம். பறையின் அடி கொஞ்சம் இழுத்துப் பின்னால் விழும், அதுதான் அதன் அழகு. அன்றைக்கு மிருதங்கம் அதைக் கணக்குக்குள் நேராக்கப் பார்த்தது, பாவம் இரண்டும் தடுமாறின. பத்து நாள் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து வாசித்திருந்தால் வயலின் அந்த இழுப்பைப் பிடித்திருக்கும். முதல் கால் மணி நேரத்தைப் பறையிடமே கொடுத்துவிட்டு, ராகம் அதன் பின்னால் வந்திருக்கலாம். ஆளுக்கொரு மைக், எல்லோருக்கும் ஒரே சம்பளம். மேடைக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டியில் கொஞ்சம் கரி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

இந்த மார்கழியில் இப்படி ஏதாவது கச்சேரிக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பறை எத்தனையாவது நிமிஷத்தில் உள்ளே வந்தது என்று மட்டும் எனக்குக் கமெண்டில் சொல்லுங்கள்.