மில்லிக்கு எப்பவும் 20 சொட்டு இல்லை
மேலே ஒரு தம்பி, "நர்சிங் நுழைவுத் தேர்வுக் கணக்குக்கு 1 மில்லி = 20 சொட்டுன்னு மனப்பாடம் பண்ணா போதும்"னு போட்டிருக்கார். போதாது தம்பி. 20ங்கிறது, பெரியவங்களுக்குப் போடுற சாதாரண ட்ரிப் செட்டுக்கு, அதாவது ட்ரிப்ஸ் ஏத்துற குழாய்க்கு. அதுலயே 10, 15ன்னும் உண்டு. குழந்தைங்களுக்குப் போடுற மைக்ரோ செட்டுன்னா 60. கவர் மேலயே அச்சடிச்சிருக்கும்.

மைக்ரோ செட்டில் 100 மில்லியை 4 மணி நேரத்துல ஏத்தணுமா? 100ஐ 60ஆல் பெருக்கி, 240 நிமிஷத்தால வகுங்க. நிமிஷத்துக்கு 25 சொட்டு. அங்கே 20ஐப் போட்டா 8 சொச்சம்தான், மூணுல ஒரு பங்கு!

மணியை நிமிஷமா மாத்தவும் மறக்காதீங்க. என் தங்கச்சி குடியாத்தம் பஸ்ல உட்கார்ந்து இதே கணக்கை 4ஆல வகுத்து, நிமிஷத்துக்கு 1500 சொட்டுன்னு சொன்னா. குழாயைத் திறந்து விட்ட மாதிரி!