அம்மா அப்படிச் சொல்லவே இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணே, இது நம்ம அம்மா தானே?" என்று கேட்டாள்.

அம்மாவேதான். தலையில் துணி, இடுப்பில் படங்கு, கை நிறையத் தேயிலைக் கொழுந்து. மூன்று வருடத்துக்கு முன் மலைக்கு வந்த யாரோ, "ஒரு போட்டோ எடுக்கட்டுமா அம்மா?" என்று கேட்டு எடுத்த படம். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்திருக்கிறார். அதைத் தூக்கி ஒரு மூட்டு வலி எண்ணெய் விளம்பரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே இவர்களாகவே வைத்த ஒரு பெயர், ஐந்து நட்சத்திரம், "பத்து வருட முழங்கால் வலி ஏழே நாளில் பறந்துவிட்டது!" என்று ஒரு வசனம்.

அம்மா அந்தப் போத்தலைக் கண்ணால் கண்டதில்லை. முழங்கால் வலி மட்டும் உண்மை. இன்றைக்கும் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்.

எனக்கு வயிறு எரிவது இதோடு நிற்கவில்லை. மேல் லயத்துச் சின்னம்மா இரண்டு போத்தல் வாங்கியிருக்கிறார், அம்மாவின் முகத்தைப் பார்த்து. "அக்காவே சொல்லுதேன்னு நம்பி வாங்கினேன்" என்றார். ஒரு போத்தல் 2,700 ரூபாய். 2024இல் இலங்கை அரச வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350. அந்தக் கணக்கில் இரண்டு போத்தலுக்கு நான்கு நாள் மழையில் நின்று கொழுந்து பறிக்க வேண்டும்.

விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, இது மார்க்கெட்டிங். எல்லாரும் செய்யிறதுதானே. கீழே பாருங்க, பலன் ஆளுக்கு ஆள் மாறும்னு போட்டிருக்கோம்" என்கிறார். போட்டிருக்கிறார்கள்தான், எறும்பு அளவு எழுத்தில். அந்தச் சாக்கு எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009இலேயே தன் வழிகாட்டலைத் திருத்தி, அப்படி ஒரு வரி போட்டுவிட்டுத் தப்ப முடியாது, சாதாரணமாக ஒருவருக்கு என்ன பலன் கிடைக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. 2024 ஒக்டோபரிலிருந்து அங்கே பொய் ரிவியூவுக்கென்று தனி விதியே இருக்கிறது. இல்லாத ஆளின் பெயரில், பாவிக்காத ஆளின் பெயரில் சாட்சி எழுதினால் ஒரு மீறலுக்கு 50,000 டொலருக்கு மேல் தண்டம் வரலாம்.

சரி, அது அமெரிக்கா. இங்கே என்ன, சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் 30ஆம், 31ஆம் பிரிவுகளை எடுத்துப் படியுங்கள். வாங்குபவரை ஏமாற்றும் நடத்தையும் பொய்யான எடுத்துரைப்பும் கூடாது என்று நேராகவே சொல்கிறது. ஆனால் லயத்தில் இருக்கிற ஒரு கிழவி அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து முறையிடப் போகிறாளா என்ற தைரியம் இவர்களுக்கு.

உண்மையாகச் செய்வது அவ்வளவு கஷ்டமா? எண்ணெய் வாங்கிப் பூசியவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே போடுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை" என்றால் "கொஞ்சம் பரவாயில்லை" என்றுதான் போட வேண்டும். படம் போடுவதென்றால் எங்கே, எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், எழுத்தில் வாங்குங்கள். இலவசமாகப் போத்தல் கொடுத்து எழுத வைத்தால் அதையும் சொல்லுங்கள். குறை சொன்னவரின் கருத்தை அழிக்காதீர்கள். நான் "இது என் அம்மா, இந்த எண்ணெயை அவர் பாவித்ததில்லை" என்று கீழே எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்து, என்னையும் புளொக் செய்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே திகதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன். சின்னம்மாவின் பற்றுச்சீட்டும் கையில் இருக்கிறது. இரண்டையும் வைத்து முறைப்பாடு போகிறது. படத்தை எடுத்துவிட்டால் மட்டும் நான் அடங்க மாட்டேன். இந்த அம்மா இப்படிச் சொல்லவில்லை என்று அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் போட வேண்டும். சின்னம்மாவின் 5,400 ரூபாய் திரும்பி வர வேண்டும்.