போலார்டைச் சேர்த்தது சூதாட்டமா?

2023 ரக்பி உலகக் கோப்பையின் நடுவில் ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்) மால்கம் மார்க்ஸ் முழங்கால் காயத்தால் விலகியபோது, தென்னாப்பிரிக்கா இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் கோல் உதைப்பதில் தேர்ந்த ஹான்ட்ரே போலார்டைச் சேர்த்தது 'கண்மூடித்தனமான சூதாட்டம்' என்கிறது ஒரு கட்டுரை. ஆபத்தான முடிவுதான், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே எடுத்தது. அயர்லாந்திடம் 8-13 என்று தோற்ற ஆட்டத்தில் கோல் உதைகள் எத்தனை வீணாயின என்று பார்த்தாலே போலார்ட் ஏன் தேவைப்பட்டார் என்பது புரியும். ஹூக்கர் இடத்துக்கு மாற்றாக டியான் ஃபூரி இருந்தார். 37 வயது, அப்போது ஃபிளாங்கர் (ஸ்க்ரம்மின் ஓரத்தில் ஆடுபவர்; ஸ்க்ரம் என்பது இரு அணியினரும் பிணைந்து நின்று தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது), ஆனால் பல வருடம் ஹூக்கராக ஆடியவர். அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு நண்பர் "ஹூக்கர் இடத்தில் யாரையாவது நிறுத்தினால் போதாதா" என்று கேட்டிருக்கிறார். போதாது. முன்வரிசையில் பயிற்சி பெற்ற ஆள் இல்லாவிட்டால் ஸ்க்ரம்மில் தள்ளவே நடுவர் விடமாட்டார், அப்புறம் தென்னாப்பிரிக்காவின் பெரிய ஆயுதமே போச்சு. இறுதிப் போட்டியை நடுராத்திரி 12.30க்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். நான் சரியாக உட்காருவதற்குள் ஹூக்கர் ம்போனம்பி காயத்தோடு வெளியே, ஃபூரி உள்ளே! லைன்-அவுட் (பக்கக் கோட்டிலிருந்து ஹூக்கர் பந்தை உள்ளே எறிவது) தடுமாறியது, ஃபூரி பந்து எறியும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் மீதி ஆட்டம் முழுக்க அவரே தாங்கினார். முடிவு 12-11. அந்த 12 புள்ளிகளும் போலார்டின் காலிலிருந்து வந்தவை.