பூஜ்யம்னு போர்டு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரெஜிஸ்டர் வைங்க

அந்த வீடியோ இதுக்குள்ள எல்லாருடைய வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். நம்மூர் ஆஸ்பத்திரி ஆண்டு விழா, மேடைக்குப் பின்னால் 'தொற்று விகிதம் பூஜ்யம்' என்று ஆளுயர ஃபிளெக்ஸ், சிறப்பு விருந்தினராக வந்த, ஆஸ்பத்திரித் தொற்றை ஆராய்கிற டாக்டரம்மா மைக்கைப் பிடித்து "எத்தனை லைன் நாளுக்குப் பூஜ்யம்?" என்று கேட்கிறார். அவ்வளவுதான் கிளிப். கீழே நம்ம சனம் எழுதியிருக்கிற கமெண்டைப் படித்தால் சோறு இறங்காது. "பொன்னாடை வாங்குன இடத்துலயே குத்தம் சொல்லுதா", "நல்ல நாளும் அதுவுமா அபசகுனம்", "கை கழுவச் சொல்லிக்குடுக்கதுக்கு ஒரு ஆராய்ச்சி, அதுக்கொரு டாக்டர் பட்டம்".

கேட்டதில் என்ன தப்பு? ஆஸ்பத்திரித் தொற்றை ஆராய்கிற யாரும் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். லைன் (சென்ட்ரல் லைன்) என்றால் கழுத்திலோ தொடையிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் போடுகிற டியூப்; ஒருவருக்கு அது ஒரு நாள் இருந்தால் ஒரு லைன் நாள். எண்ணாதவரைக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் தொற்று பூஜ்யம்தான். மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு கரண்ட் பில்லே வரவில்லை என்று பெருமைப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது அந்தப் போர்டு.

எண்ணுவது என்றால் என்ன வேலை என்று கேலி பண்ணுகிறவர்களுக்குத் தெரியுமா? ஐசியுவில் தினமும் ஒரே நேரத்துக்கு, காலை பத்து மணி என்றால் பத்து மணிக்கு, கட்டில் கட்டிலாகப் போய் எத்தனை பேருக்கு சென்ட்ரல் லைன் இருக்கிறது, எத்தனை பேருக்கு யூரின் டியூப், எத்தனை பேர் வென்டிலேட்டரில் என்று எழுத வேண்டும். ஒருவருக்கு ரெண்டு லைன் இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான். ஞாயிறு, தீபாவளி, ஆனித் தேரோட்டம், எதற்கும் லீவு கிடையாது. மாசக் கடைசியில் கூட்டினால் 180 லைன் நாள் வருகிறது, லைன் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறியது 2 பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2ஐ 180ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், ஆயிரம் லைன் நாளுக்குச் சுமார் 11. அதுதான் விகிதம். அந்த 2 பேரைக் கணக்கில் சேர்க்கவும் ஆயிரம் கேள்வி உண்டு. லைன் போட்டு ரெண்டு நாள் தாண்டியதா? கிருமி நுரையீரலிலோ சிறுநீரிலோ இருந்து ரத்தத்துக்கு வந்ததா? தோலில் சும்மா குடியிருக்கிற வகை ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் தனித்தனியாகக் குத்தி எடுத்த ரெண்டு ரத்தத்திலும் வளர்ந்ததா, காய்ச்சலோ குளிரோ இருந்ததா?

இப்போது சின்ன ஆஸ்பத்திரிக் கணக்குக்கு வருவோம். மாசத்துக்கு 40 லைன் நாள்தான் என்றால், உண்மையான விகிதம் ஆயிரத்துக்குப் பத்து என்ற மோசமான நிலையில் இருந்தாலும், மூன்று மாசத்தில் ரெண்டு மாசம் பூஜ்யம் தானாகவே வரும். யாரும் ஒன்றும் கிழிக்க வேண்டாம். இதற்காகத்தான் டாக்டரம்மா 'எத்தனை நாளுக்கு' என்று கேட்டது. புரிகிறதா அண்ணாச்சி?

பூஜ்யம் உற்பத்தி பண்ண இன்னும் சுலபமான வழிகள் இருக்கின்றன. பிளட் கல்ச்சரே, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட்டே, அனுப்பாதீர்கள். அனுப்பினாலும் ஆன்டிபயாட்டிக் ரெண்டு டோஸ் போனபிறகு அனுப்புங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும், ரெண்டு செட் வேண்டும். நீங்கள் மூன்று மில்லி எடுத்து ஒரே பாட்டிலில் விட்டால் இருக்கிற கிருமியும் வளராமல் போகலாம். ரிப்போர்ட்டில் 'நோ குரோத்' என்று வரும், அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஆபரேஷன் புண்ணுக்கு இதைவிடச் சுலபம். அந்தத் தொற்றை 30 நாள் வரை பின்தொடர வேண்டும், மூட்டு மாற்று மாதிரி உள்ளே எதையாவது வைத்துத் தைத்தால் 90 நாள். நாலாம் நாள் டிஸ்சார்ஜ். எட்டாம் நாள் களக்காட்டிலோ திசையன்விளையிலோ வீட்டில் இருக்கும்போது சீழ் வருகிறது, பக்கத்து டாக்டரிடம் பிரித்துக் கட்டிக்கொள்கிறார். போன் போட்டுக் கேட்க ஆள் வைக்காத ஆஸ்பத்திரியின் கணக்கில் அந்தப் புண் இல்லவே இல்லை. ரொம்ப முற்றினால் "ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க", அதாவது பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு. பெயர் கெடுவது ஹைகிரவுண்டுக்கு. பூஜ்யம் இங்கேயே பத்திரமாக இருக்கும்.

"விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர். சேலைக் கடைக்கு இருக்கட்டும்.

"மக்களைப் பயமுறுத்தாதீங்க" என்று இன்னொருவர். பயமுறுத்துவது எது, எண்ணுவதா, எண்ணாமல் இருப்பதா?

விவரமானவர் ஒருவர் வந்தார். அமெரிக்காவில் மிச்சிகனில் நூற்றுச் சொச்சம் ஐசியுவில் பூஜ்யம் கொண்டுவந்தார்களே, 2006லேயே வெளியாயிற்றே, இங்கே முடியாதா என்றார். நியாயமான கேள்வி. அங்கே லைன் தொற்றின் இடைநிலை விகிதம் ஆயிரம் லைன் நாளுக்கு 2.7ஆக இருந்தது, மூன்று மாசத்தில் பூஜ்யத்துக்கு வந்தது உண்மைதான். எப்படி வந்தது? கை சுத்தம், லைன் போடும்போது தலை முதல் கால் வரை ஸ்டெரைல் துணி, தோலுக்கு குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி, முடிந்தவரை தொடையில் போடாமல் இருப்பது, தேவையில்லாத லைனை அன்றைக்கே உருவுவது. இதில் ஒன்றை விட்டாலும் நர்ஸ் டாக்டரைப் பார்த்து "நிறுத்துங்க" என்று சொல்லலாம். நம்மூரில் எந்த சிஸ்டர் எந்த சர்ஜனைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த மாசம் சம்பளம் வாங்குவார்? அதைவிட முக்கியம், அவர்கள் முதலில் 2.7 என்று ஒத்துக்கொண்டார்கள். எண்ணி வந்த பூஜ்யம் அது.

எண்ணிச் சொன்னவரை நாம் எப்படி நடத்துவோம் என்பதற்கு 2010ஐ ஞாபகப்படுத்த வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியின் பெயர் முதலில் வர, லான்செட் தொற்றுநோய் இதழில் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) கட்டுரை வந்தது. கடைசி மருந்தாக வைத்திருக்கும் கார்பபெனெமையே உடைக்கிற நொதி, சென்னையில் எடுத்த கிருமிகளில் மட்டும் 44ல். என்ன நடந்தது? மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கிற வெளிநாட்டுச் சதி என்றார்கள், டெல்லி பெயரை எப்படி வைக்கலாம் என்றார்கள். பெயருக்குத்தான் சண்டை, கிருமிக்கு இல்லை. இன்றைக்கு எந்தப் பெரிய ஐசியுவிலும் மைக்ரோபயாலஜி லேபில் கேட்டுப் பாருங்கள், கார்பபெனெம் கேட்காத கிளெப்சியெல்லா கிருமி வாரா வாரம் வருகிறதா இல்லையா என்று. இந்தத் துறைக்கு வருகிறவருக்கு கிளினிக் வருமானம் கிடையாது, வராமல் தடுத்த நோய்க்கு நன்றி சொல்ல நோயாளி கிடையாது. மேடையில் ஒரு கேள்வி கேட்டால் 'அபசகுனம்' பட்டம் மட்டும் உண்டு.

சரி, அந்தக் 'கை கழுவுகிற ஆராய்ச்சி'. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 லிட்டர் ஹேண்ட்ரப்புக்கு (கையில் தடவுகிற சானிட்டைசர்) 96 சதவீத எத்தனால் 8333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரால் 145 மில்லி, மீதி காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கலந்ததும் மூடி 72 மணி நேரம் வைக்க வேண்டும், கேனிலோ ஆல்கஹாலிலோ ஒட்டியிருக்கிற ஸ்போர்களை, அதாவது விதை மாதிரி உறங்கும் கிருமிகளை, பெராக்சைடு கொல்வதற்கு. செலவைக் குறைக்கத் தண்ணீரைக் கூட்டினால் மணம் இருக்கும், வேலை நடக்காது. கிளிசராலைக் கூட்டினால் கை பிசுபிசுக்கும், சிஸ்டர்கள் தொடவே மாட்டார்கள். கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வேதியியல், நிறைய மனுஷ சுபாவம். இதற்கு ஆராய்ச்சி வேண்டாமா?

கையுறை போட்டாச்சே என்பார்கள். நாலாம் கட்டிலில் யூரின் பையைக் காலி பண்ணின அதே கையுறையோடு ஐந்தாம் கட்டில் டிரிப்பின் வேகத்தைத் திருகுகிறார்கள். அந்தக் கையுறை காப்பாற்றுவது போட்டிருப்பவரை மட்டும். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வென்டிலேட்டரில் இருக்கிறவருக்கு நெல்லையப்பர் திருநீறைப் பூசிவிட்டு, அதே கையால் கழுத்துப் பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்து "வலிக்கா?" என்று கேட்கிற சொந்தக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை பேர்! திருநீறு பூசுங்கள், யார் வேண்டாம் என்றது? உள்ளே நுழையும்போது கையைத் தடவிவிட்டுப் பூசுங்கள்.

"நர்ஸ் பத்தலையே, அவங்களையே குத்தம் சொன்னா எப்படி?" இது ஒன்றுக்குத்தான் என்னிடம் மறுப்பு இல்லை. ஹேண்ட்ரப்பை ஒரு தடவை முழுசாகத் தடவ 20 முதல் 30 விநாடி. ஒரு ஐசியு நோயாளியிடம் மணிக்குப் பத்து தடவை கை சுத்தம் பண்ண வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு சிஸ்டர் என்பது காகிதத்தில். நாலு பேரை ஒருவர் பார்த்தால் மணிக்கு 40 தடவை, 800 விநாடி, 13 நிமிஷத்துக்கு மேல். கையைத் தடவ மட்டும். அந்த 13 நிமிஷத்துக்கு ஆள் போடாமல், கையைத் தடவவில்லை என்று சிஸ்டருக்கு மெமோ கொடுக்கிறார்கள். மெமோவில் கையெழுத்துப் போடுகிற பெரியவர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு தடவை கவனியுங்கள். கைக்கடிகாரம், மூன்று மோதிரம், மணிக்கட்டில் சாமிக்கயிறு, முழுக்கைச் சட்டை. வாசலில் இருக்கிற ஹேண்ட்ரப் பாட்டிலை அவர் தொடுகிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, கமெண்டில் வந்து எழுதுங்கள்.